ராம்நாடு ஃப்ளெக்ஸில் இருக்கும் அந்த "எத்திக்கல் ஹேக்கர்" நான்தான்: 68,000 ரூபாய் கோர்ஸ் எப்படி இருந்தது?

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை மாடியில் ஃப்ளெக்ஸ் ஒன்று தொங்குகிறது. முகத்தை மறைத்துத் தொப்பிச் சட்டை போட்ட ஒருத்தன், பின்னால் பச்சை எழுத்து மழை, கீழே வட்டத்துக்குள் ஐந்தாறு முகங்கள். இடமிருந்து மூன்றாவது முகம் என்னுடையது. "எங்கள் மாணவி, இன்று சென்னையில் எத்திக்கல் ஹேக்கர்" என்று போட்டிருக்கிறார்கள். நான் ஹேக்கர் இல்லை. எஸ்ஓசி அனலிஸ்ட், அதாவது நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள்மேல் தாக்குதல் வருகிறதா என்று இரவும் பகலும் கண்காணிக்கிறவள், அதிலும் கடைசிப் படியான எல்1. அந்த வேலையை, ஃப்ளெக்ஸ் வைத்த கோர்ஸ் மையத்துக்காரர்கள் வாங்கித் தரவும் இல்லை. போட்டோ போடலாமா என்று என்னிடம் கேட்கவும் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் நான் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், தரவுப் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுக்கிறவர்கள்!

ஃப்ளெக்ஸ் ஏறிய நாளிலிருந்து எனக்குப் போன் ஓயவில்லை. உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி, "அக்கா, அங்க சேந்தா நெஜமாவே வேல கெடைக்குமா?" கீழக்கரையிலிருந்து கூடப் படித்தவளின் தங்கச்சி, "லாத்தா, வாப்பா பணம் அனுப்பத் தயாரா இருக்காக, கட்டிரவா?" தங்கச்சிமடத்தில் அப்பாவைப் பார்த்தவர்கள் எல்லாரும் "பிள்ள சைபர் போலீஸா ஆயிருச்சாம்ல" என்கிறார்கள், அவரும் இல்லை என்று சொல்வதில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. மதுரையில் இருக்கிறது, அது மட்டும் போதும். இதே நோட்டீஸ், இதே தொப்பிச் சட்டைக்காரன் வேறு பெயர்களிலும் இருக்கிறான், அதனால் பெயரைவிட என்ன விற்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் உபயோகம்.

முதலில் காசு. 2023 ஜூனில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு சேர்ந்தேன். ஆறு மாத எத்திக்கல் ஹேக்கிங் கோர்ஸ், அதாவது அனுமதியோடு கம்ப்யூட்டர்களில் ஓட்டை தேடும் படிப்பு, 68,000 ரூபாய். போனில் பேசியபோது இவ்வளவுதான் சொன்னார்கள். நேரில் போனபின் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்றார்கள், அது 12,240. ஹாஸ்டல் சாப்பாட்டோடு மாதம் 5,500. சர்வதேசச் சான்றிதழ் தேர்வுக்கான கட்டணம் இதில் எதிலும் சேராது, அதை டாலரில் நாமேதான் கட்ட வேண்டும் என்பது மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. ஆக தேர்வு எழுதாமலேயே ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டியது. பாம்பன் பாலத்தில் அப்போது ரயில் இல்லை, 2022 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள், புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில்தான். அதனால் ஊருக்கு வந்து போவதெல்லாம் பஸ், அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

என்னை விழவைத்தது டெமோ வகுப்பு. ஒரு பையன் முன்னால் உட்கார்ந்து ஹேக்கிங் கருவிகள் நிறைந்த காளி லினக்ஸைத் திறந்து நாலு வரி தட்டினான், பக்கத்துக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே இவன் கைக்கு வந்துவிட்டது. முப்பது பேரும் வாயைப் பிளந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரமக்குடிப் பையன் அன்றைக்கே முன்பணம் கட்டினான், நானும்தான். பல மாதம் கழித்து வீட்டில் தனியாகப் படிக்கும்போதுதான் புரிந்தது, அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் அதற்கு 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தப் பையன் உபயோகித்த ஓட்டை 2008-ல் வெளியானது, அப்போதே அடைக்கவும் பட்டது. பூட்டே இல்லாத வீட்டுக்குள் நுழைந்து காட்டிவிட்டு "பார்த்தாயா, பூட்டை உடைத்தேன்" என்றிருக்கிறார்கள். பழகுவதற்கு இப்படி ஓட்டை வைத்த கம்ப்யூட்டர் வேண்டும்தான், எல்லாரும் அதில்தான் பழகுகிறோம். அதைச் சொல்லிவிட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

வகுப்பு எப்படி? பெரும்பாலும் ஸ்லைடு. சிஇஎச் (சர்டிஃபைடு எத்திக்கல் ஹேக்கர்) என்ற சர்வதேசச் சான்றிதழின் பாடத்திட்டத்தில் 20 அத்தியாயம் இருக்கிறது, அதை வரிசையாகத் திரையில் போட்டு வாசித்தார்கள். என்மேப் என்ற கருவி இது, மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற கருவி இது, கட்டளையை எழுதிக்கொள்ளுங்கள். லேபில் பதினான்கு கம்ப்யூட்டர், எல்லாம் 4 ஜிபி ரேம், அதில் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓட்டினாலே மூச்சு வாங்கும், தாக்குகிறது ஒன்று தாக்கப்படுகிறது ஒன்று என்று இரண்டை எப்படி ஓட்டுவது? ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் உட்கார்ந்து ஒருத்தன் தட்ட இரண்டு பேர் பார்ப்போம். தட்டுகிறவன் எப்போதும் பையன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சேரப் போகிற பெண்கள் முதல் நாளே கீபோர்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

மூன்று வாரம் மட்டும் வேறு மாதிரி இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள். நெட்வொர்க்கிங் எடுக்க ஒரு சார் வந்தார். இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் கம்பெனியில் பல வருடம் கம்பத்தில் ஏறி வயர் இழுத்தவர். ஸ்லைடே கிடையாது. முதல் நாள் ஒவ்வொருத்தரிடமும் ஊர், அப்பா தொழில் கேட்டார். என் முறை வந்தபோது, "படகுலேருந்து இன்னொரு படக வயர்லெஸ்ல கூப்புடறப்போ அப்பா மொதல்ல என்ன சொல்லுவாரும்மா?" என்றார். "கேக்குதா"ன்னு கேப்பார் என்றேன். அந்தப் பக்கம்? "கேக்குது, ஒனக்குக் கேக்குதா"ன்னு வரும். அப்புறம்? இவர் "கேக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் எந்தப் பக்கம் மீன் நிற்கிறது என்ற பேச்சே. "அவ்வளவுதான், ரெண்டு கம்ப்யூட்டர் பேசறதுக்கு முன்னாடி செய்யறதும் இதுதான், இதுக்குப் பேருதான் டிசிபி த்ரீ வே ஹேண்ட்ஷேக்" என்று பலகையில் சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று அம்பு போட்டார். காலேஜில் மூன்று வருடம் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மறந்த விஷயம், அன்றைக்குப் பிறகு மறக்கவே இல்லை. போர்ட் ஸ்கேன் என்றால் என்ன என்பதும் அதே மூச்சில் விளங்கிவிட்டது: ஒவ்வொரு கதவாகப் போய் "கேக்குதா" என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் பேசாமல் அடுத்த கதவுக்குப் போகிறவனை என்னவென்று சொல்வீர்கள்?

இரண்டாவது வாரம் வயர்ஷார்க் திறந்தார். வயரில் போகிற பாக்கெட்டை அப்படியே பிடித்துக் காட்டும் மென்பொருள் அது, இலவசம். எதைப் பிடிப்பது என்று யோசித்துவிட்டு, மையத்தின் மாணவர் வருகைப் பதிவுப் பக்கத்திலேயே தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி நுழைந்தார். திரையில் அவருடைய கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஏனென்றால் அந்தப் பக்கம் வெறும் எச்டிடிபியில் ஓடியது, எஸ் இல்லை, அதாவது தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்கம் இல்லை. சைபர் செக்யூரிட்டி சொல்லித் தருகிற இடத்தின் சொந்த லாகின் பக்கம்! சார் சிரிக்கவில்லை, "ஆபீஸ்ல சொல்லிட்டேன், ஆறு மாசமா மாத்திட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அவர் மூன்று வாரத்தில் எடுத்து முடித்த டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றுவது), சப்நெட், ஃபயர்வால், நாட் என்ற நெட்வொர்க் அடிப்படைகள்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகின்றன. அடுத்த பேட்சுக்கு அவர் இல்லை, சம்பளப் பாக்கி என்று கேள்வி.

இனி நிஜமான கோபம். ஆறு மாதத்தில் சட்டம் பற்றி ஒரு மணி நேரம்கூட வகுப்பு இல்லை. இருபது வயதுப் பையன்கள் கையில் கருவியைக் கொடுத்துவிட்டு எங்கே ஓட்டலாம் எங்கே ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் பேட்சில் ஒருத்தன் தான் படித்த காலேஜின் இணையதளத்தை ராத்திரி முழுக்க ஸ்கேன் செய்துவிட்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். நெட்வொர்க் சார் பார்த்துவிட்டு அவனைத் தனியாகக் கூட்டிப் போய் அழிக்கச் சொன்னார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவதைப் பற்றியது. அதையே கெட்ட எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66, மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா பழகிப் பார்த்தேன் சார்" என்று ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டு நிற்பதற்கா அம்மா சங்கிலியை அடகு வைத்தார்? எழுத்தில் அனுமதி இருந்தால்தான் எத்திக்கல். ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு என்று பக் பவுண்டி அறிவித்திருக்கும் நிறுவனங்களில்கூட எந்த முகவரியைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எல்லை எழுதியிருப்பார்கள், அதைத் தாண்டினால் அங்கேயும் குற்றம்தான்.

சான்றிதழ் விஷயத்தில் கவுன்சலர் சொன்னதில் பாதி புளுகு. "ஒரு வருஷத்துல சிஐஎஸ்எஸ்பி முடிச்சிரலாம்மா, முப்பது லட்சம் சம்பளம்" என்றார். அனுபவசாலிகளுக்கான சான்றிதழான சிஐஎஸ்எஸ்பி முழுதாகக் கிடைக்க ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும், டிகிரி இருந்தால் அதில் ஒரு வருடம் கழியும், அவ்வளவுதான் சலுகை. தேர்வை முன்னாடியே எழுதிப் பாஸ் செய்தாலும் அனுபவம் சேரும்வரை அசோசியேட் என்றுதான் போட்டுக்கொள்ள முடியும். சிஇஎச் என்பது 125 கேள்வி, நாலு மணி நேரம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை. அதை நடத்தும் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியில் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு வருட அனுபவம் காட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் மையம் அங்கீகாரம் பெற்றதா என்று நான் கேட்கவே இல்லை, அது என் தப்பு, கேட்டவனுக்கு "டை-அப் இருக்கு" என்று பதில் வந்தது, கடைசிவரை டை-அப் யாருடன் என்று தெரியவில்லை. முடிவில் கிடைத்தது மையத்தின் பெயர் போட்ட தங்கக் கரை வைத்த அட்டை. வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம், நேர்காணலில் யாரும் அதைக் கேட்டதில்லை.

செக்யூரிட்டி பிளஸ் என்று காம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் தேர்வு ஒன்று இருக்கிறது, 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900-க்கு 750 வாங்க வேண்டும். ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம், ஆனால் டாலர் கட்டணம் நம் ஊர் கணக்கில் கனமாகத்தான் இருக்கும். நான் எடுத்தது அதுவும் இல்லை. சிஐஎஸ்எஸ்பி நடத்துகிற அதே ஐஎஸ்சி2, சிசி என்று ஆரம்பநிலைச் சான்றிதழ் ஒன்றை வைத்திருக்கிறது. பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று 2022-ல் ஒரு திட்டம் அறிவித்தார்கள், அதில் எழுதினேன். பாஸ் செய்தபின் வருடச் சந்தா 50 டாலர் கட்ட வேண்டும், அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஓஎஸ்சிபி என்ற ஹேக்கிங் சான்றிதழ் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்கிற தம்பிகளுக்கு: அது விடை தேர்ந்தெடுக்கும் பரீட்சை இல்லை, 23 மணி 45 நிமிடம் உட்கார்ந்து மெஷின்களை நிஜமாகவே உடைத்து நுழைய வேண்டும், அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதித் தர வேண்டும். போட்டிக்கு நிற்க ஆசை என்றால் நல்லது, ஆனால் நீச்சல் தெரியாமல் தென்கடலில் குதிக்கிற மாதிரி முதல் வருடமே அதில் இறங்க வேண்டாம்.

சரி, வேலை? "100 சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று போனில் சொன்னது, ரசீதில் "வேலைவாய்ப்பு உதவி" என்று மாறியிருந்தது. இரண்டு நேர்காணலுக்கு அனுப்பினார்கள். ஒன்று கிரெடிட் கார்டு விற்கும் கால் சென்டர். இன்னொன்று, சிரிக்காமல் படியுங்கள், அதே மையத்துக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆள் சேர்க்கும் வேலை, ஒரு தலைக்கு இவ்வளவு கமிஷன். டிசம்பர் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. "வாடக்காத்துல வந்திருக்க, தலையத் தொவட்டிட்டுச் சாப்புடு தாயி" என்றார்.

அடுத்த எட்டு மாதம் வீட்டில்தான் நான் உண்மையில் படித்தேன். பழைய திங்க்பேட் ஒன்றை மாமா வாங்கிக் கொடுத்தார், அதில் ரேமை 16 ஆக்கி எஸ்எஸ்டி போட்டதோடு என் லேப் மையத்தின் லேபைவிடப் பெரிதாகிவிட்டது. லினக்ஸ் கட்டளை பழக ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டு இருக்கிறது, ஒரு படியில் கண்டுபிடிக்கும் கடவுச்சொல்தான் அடுத்த படிக்குச் சாவி, ஒரு பைசா கிடையாது. இணையதள ஓட்டைகளுக்கு போர்ட்ஸ்விக்கர் நடத்தும் வெப் செக்யூரிட்டி அகாடமி, பர்ப் சூட் என்ற இணையதளச் சோதனைக் கருவியைச் செய்கிறவர்களே நடத்துவது, அதுவும் இலவசம். இணையதளத்தின் டேட்டாபேஸுக்குள் கட்டளையை நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனை மையத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு ஸ்லைடாகக் கடந்தோம், இங்கே பதினைந்துக்கும் மேல் பயிற்சி, ஒன்றில் மட்டும் நான் நாலு நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். டிரைஹேக்மீ தளத்துக்கு மட்டும் மாதச் சந்தா கட்டினேன், எஸ்ஓசி வேலைக்கென்றே தனிப் பாதை அதில் இருக்கிறது. ஐஐடி கரக்பூர் பேராசிரியர் எடுக்கும் எத்திக்கல் ஹேக்கிங் பாடம் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் கிடைக்கிறது, பார்க்கக் காசில்லை, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். இத்தனையும் இருக்கும்போது 68,000 எதற்கு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான்: எதைத் தேட வேண்டும் என்று சொல்ல எனக்கு ஊரில் ஆள் இல்லை. மூன்று வாரம் அந்தச் சார் சொன்னார், மற்ற ஐந்து மாதத்துக்கும் சேர்த்து நான் காசு கட்டினேன்.

அந்த எட்டு மாதத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில், மாமா வீட்டில் சும்மா இருந்ததால் எங்கள் திண்ணையில்தான் பொழுது. "நாங்க தடைக்காலத்துல வல பின்றோம், நீ என்னத்தப் பின்ற?" என்று ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பார். கம்ப்யூட்டரில் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் வரிகளைக் காட்டி, இதில் எது திருடன் எது நல்லவன் என்று கண்டுபிடிக்கிற வேலை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நண்டு வலைல சொறியும் பாசியும் ஏறி வர்ற மாதிரி இருக்கு, நண்டு எங்க?" என்றார். சொறி என்றால் ஜெல்லி மீன். எஸ்ஓசி வேலைக்கு இதைவிடச் சரியான விளக்கம் எந்த ஸ்லைடிலும் நான் பார்த்ததில்லை.

2024 ஆகஸ்டில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல், காலேஜ் சீனியர் ஒருத்தர் சொல்லிவிட்டதால் கிடைத்தது. காளி பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அடித்தால் என்ன என்ன நடக்கும், வரிசையாகச் சொல் என்றார்கள், டிஎன்எஸ்ஸில் ஆரம்பித்தேன். அப்புறம் விண்டோஸ் லாக்கில் ஒரே ஐபி முகவரியிலிருந்து நூறு 4625, கடைசியில் ஒரு 4624, என்ன நினைப்பாய்? 4625 என்றால் உள்ளே நுழைய முயன்று தோற்றது, 4624 என்றால் நுழைந்துவிட்டது. நூறு தரம் தப்பாகத் தட்டிவிட்டு நூற்றியோராவது தரம் சரியாகத் தட்டியிருக்கிறான் என்றால் கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே வந்துவிட்டான் என்று சந்தேகப்படலாம். உடனே குதிக்காமல், அந்த ஐபி உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா, லாகின் வகை என்ன, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப், யாருடைய கணக்கு, நுழைந்தபின் என்ன செய்தான் என்று பார்ப்பேன், சந்தேகம் உறுதியானால் அடுத்த படியான எல்2-வுக்கு ஏற்றிவிட்டு மெஷினைத் தனிமைப்படுத்தச் சொல்வேன் என்றேன். தலையாட்டினார்கள். ஒரு மாதத்துக்கு முன் ஜூலை 19-ம் தேதி உலகம் முழுக்க விமான நிலையங்களில் நீலத் திரை வந்ததே, அது ஹேக்கிங்கா என்று கேட்டார்கள். இல்லை, கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய கோளாறான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டன என்றேன். தினமும் கொஞ்சம் செய்தி படித்துக்கொண்டிருந்தது கைகொடுத்தது.

வேலை எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஷிப்ட். வாரக்கணக்கில் ராத்திரி ஷிப்ட். திரையில் அலர்ட் வந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் மாமா சொன்ன சொறியும் பாசியும்தான். பேக்அப் மென்பொருளைப் பார்த்து வைரஸ் என்று கத்தும், பிரிண்டரைப் பார்த்துக் கத்தும். ஒரே ஆள் பத்து நிமிட இடைவெளியில் சென்னையிலும் சிங்கப்பூரிலும் லாகின் செய்திருக்கிறார் என்று வரும், பார்த்தால் மேனேஜர் இடத்தை மாற்றிக் காட்டும் விபிஎன் போட்டிருப்பார். தனுஷ்கோடிக்குப் போனால் நம் செல்போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மெசேஜ் அனுப்புமே, அது போல, ஆள் இங்கேயேதான் இருப்பார். நூறு தரம் இப்படிப் பார்த்துச் சலித்த பிறகு நூற்றியோராவதை ஒழுங்காகப் பார்க்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். முப்பது லட்சம் இல்லை. சென்னையில் மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்து, வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பி, சங்கிலியைப் போன வருடம் மீட்டேன்.

ஆனால் துறையில் வேலை இருக்கிறதா என்றால் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சைபர் தாக்குதல் போன்ற சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டுமென்றால் ராத்திரி மூன்று மணிக்கும் யாராவது முழித்திருந்து பார்க்க வேண்டும் இல்லையா, அந்த யாராவதுதான் நான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-ல் வந்துவிட்டது, அதில் அபராதம் 250 கோடி வரை போகிறது. அதனால் லாக் பார்க்கிறவர்களோடு, கணக்கு வழக்கு மாதிரி விதிமுறைகளைச் சரிபார்க்கும் தணிக்கை வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். கோடிங் பிடிக்காது, ஆனால் ஒழுங்காக எழுதவும் கேள்வி கேட்கவும் வரும் என்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம். நம் பக்கம் பி.காம். படித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

மையத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. ஒன்று நெட்வொர்க் சாருக்கு, அரை ஹாஸ்டல் வார்டன் அக்காவுக்கு, கடைசி பஸ்ஸைப் பிடித்து நேரம் கழித்து வந்தாலும் சாப்பாடு எடுத்து வைப்பார். இத்தனைக்குப் பிறகும் சேர வேண்டும் என்றுதான் இருக்கிறது என்பவர்கள் டெமோவுக்குப் போகும்போது ஸ்கிரீனைப் பார்க்காதீர்கள், அந்த டெமோ மெஷினில் என்ன விண்டோஸ் ஓடுகிறது என்று கேளுங்கள். ஒருத்தருக்கு ஒரு கம்ப்யூட்டரா, எத்தனை ஜிபி என்று லேபுக்குள் போய்ப் பாருங்கள். அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன பேட்சில் வேலைக்குப் போன இரண்டு பேரின் நம்பர் கேளுங்கள், ஃப்ளெக்ஸில் இருக்கும் முகம் வேண்டாம், முகம் எப்படி வருகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஆறு மாதம் முழுநேரமாக உட்கார முடியும், செலவு குறைவில்லை என்றாலும் பரவாயில்லை என்றால் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் நடத்தும் டிப்ளமோவில் செக்யூரிட்டிக்கென்றே டிட்டிஸ் என்று ஒன்று இருக்கிறது, சி-கேட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எனக்கு அது தெரிந்தது வேலையில் சேர்ந்த பிறகு.

தொண்டிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் போன மாதம் கேட்டது வேறு. சைபர் கோர்ஸ் முடித்த கையோடு தாய்லாந்தில் ஐடி வேலை, டிக்கெட் அவர்களே போடுகிறார்கள், போகலாமா என்றான். போகாதே. கம்போடியா, மியான்மர் என்று கடத்திக்கொண்டு போய்ப் பூட்டி வைத்து நம் ஆட்களைக் கொண்டே நம் ஊர்க்காரர்களிடம் ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள், தமிழ்நாட்டுப் பையன்களும் அப்படி மாட்டி மீட்கப்பட்டிருக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போய்ப் பழகிய கரை நம் கரை, ஏஜென்ட் என்றால் நமக்குப் பயமே வருவதில்லை. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்டின் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்க வேண்டும். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, அந்த நிமிடமே.

ஃப்ளெக்ஸிலிருந்து என் போட்டோவை எடுக்கச் சொல்லி இரண்டு தரம் மெயில் அனுப்பினேன். "உங்கள் வெற்றியில் பெருமை கொள்கிறோம்" என்று ஒரு பதில் வந்தது, அட்வான்ஸ் கோர்ஸுக்கு 20 சதவீதம் தள்ளுபடியும் கொடுத்திருந்தார்கள். போன வாரக் காற்றில் ஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் கிழிந்து தொங்குவதாகத் தம்பி போட்டோ எடுத்து அனுப்பினான். என் முகம் இருந்த வட்டம் போய்விட்டது. அவர்கள் போன் நம்பர் மட்டும் நன்றாகத் தெரிகிறது.